மதுரை வட்டாரக் கணக்குத் தணிக்கைத் தொழில்

மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள விருதுநகர், சிவகங்கை, திண்டுக்கல், தேனிச் சமவெளிகளிலும் உள்ள கடைகள், ஆலைகள், வங்கிக் கிளைகள், அறக்கட்டளைகள் முதலியவற்றுக்குக் கணக்கெழுதுதல், தணிக்கை செய்தல், வரி விவரம் தாக்கல் செய்தல், வரித்துறை முன் வாதாடுதல் ஆகிய சேவைகளை அளிக்கும் தொழில். சட்டம் தரும் பெயர் பட்டயக் கணக்காளர் என்றாலும் மக்கள் வழக்கில் அவர் 'ஆடிட்டர்'. ஒரு மூத்த ஆடிட்டர், ஓரிரு பங்குதாரர்கள், சில உதவியாளர்கள், பயிற்சி பெறும் 'ஆர்ட்டிகிள்' மாணவர்கள் என்ற அளவிலான சிறு அலுவலகங்களே இங்கு மிகுதி. ஒவ்வொரு புதிய சட்டமும் இத்தொழிலுக்கு வேலையைக் கொண்டுவந்தது. பின்னர் வந்த திருத்தங்களும் கணினியும் அந்த வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. இதன் வரலாற்றையும் இன்றைய நெருக்கடியையும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே விளக்க வேண்டும்.

பழைய கணக்கு மரபு

தமிழகத்தில் கணக்கறிவு திண்ணைப் பள்ளியில் தொடங்கியது. எண்சுவடியை மனப்பாடம் செய்த சிறுவனுக்கு முந்திரி, காணி, மா போன்ற பின்னங்கள் வாய்க்கணக்காகவே வரும். ஊர் நிலவரிக் கணக்கைக் கர்ணம் எனப்பட்ட கிராமக் கணக்குப்பிள்ளை எழுதிவந்தார். பரம்பரை உரிமையாக இருந்துவந்த இப்பதவியைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார்.

வணிகக் கணக்கில் உயர்ந்த நிலையை எட்டியவர்கள் காரைக்குடிப் பகுதியின் நகரத்தார். பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் கடை வைத்திருந்த அவர்கள் பற்றும் வரவும் சமமாக நிற்கும் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைத்தார்கள். அன்றாட நடவடிக்கைகள் குறிப்பேட்டில் பதிவாகும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு ஏறும். முடிவில் ஐந்தொகை போட்டு லாபநட்டம் காண்பார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் வட்டிக் கணக்குப் போடப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வான். கடல் கடந்து செல்லும் மேலாளின் தவணை பொதுவாக மூன்று ஆண்டு. தவணை முடிந்து அவர் தரும் கணக்கை வைத்துத்தான் கடையின் லாபமும் அவருக்குரிய பங்கும் முடிவாகும். முதலாளி ஊரில் இருக்க, முதல் வெளிநாட்டில் புழங்கியதால், நம்பிக்கையைத் தாங்கும் வேலையைக் கணக்குப் புத்தகமே செய்தது.

விருதுநகர், சிவகாசிப் பகுதி நாடார் வணிகர்கள் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு தொகையை மகமையாக ஒதுக்கித் தம் சமூக அமைப்பான உறவின்முறைக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து பள்ளிகள் நடந்தன. பொதுப்பணம் என்பதால் அதற்கு ஊரறியக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. இவ்வாறு வெளித் தணிக்கையாளர் வருமுன்பே இந்தச் சமவெளியில் கணக்கு ஒப்புவிக்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது.

சட்டம் உருவாக்கிய தொழில்

1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளின் கணக்கைத் தகுதிபெற்ற தணிக்கையாளர் சரிபார்க்க வேண்டும் என்றது. 1918இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் தொடங்கியது. 1932இல் தணிக்கையாளர் சான்றிதழ் விதிகள் வந்தன. சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் 1933இல் அப்பட்டயத் தேர்வில் வென்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் எனப் பெயர் பெற்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். பின்னாளில் 1955 முதல் 1958 வரை தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைவராகவும் இருந்தார். நாடு விடுதலை பெற்றபின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்கீழ் 1949 ஜூலை 1இல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் அமைந்தது. மதுரைக் கிளை அதன் தென்னிந்திய வட்டாரக் குழுவின்கீழ் இயங்குகிறது. அடக்கவிலைக் கணக்காளருக்கு 1959இலும் கம்பெனிச் செயலருக்கு 1980இலும் தனிச் சட்டங்கள் வந்தன.

மதுரையில் தணிக்கைக்குத் தேவையான பெரு நிறுவனங்கள் அதற்குள் வளர்ந்திருந்தன. ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை, கருமுத்து தியாகராசச் செட்டியாரின் மீனாட்சி மில், டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். ஆகியவற்றுடன் 1943இல் மதுரா வங்கியும் 1946இல் பாண்டியன் வங்கியும் சேர்ந்தன. வருமான வரிச் சட்டத்தின் வரலாற்றிலும் மதுரைக்கு இடம் உண்டு. மீனாட்சி மில் தொடுத்த வழக்கில் 1954இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 1947ஆம் ஆண்டின் வருமான வரி விசாரணை ஆணையச் சட்டத்தின் ஒரு பிரிவு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று அதை நீக்கியது. உண்மைக் கேள்வி எது, சட்டக் கேள்வி எது என்பதை விளக்கும் 1956ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதே மில்லின் வரி வழக்கில் எழுந்ததே.

சிறு வணிகர் ஆடிட்டரைத் தேடிவந்ததற்குக் காரணம் விற்பனை வரி. இராஜாஜி அமைச்சரவை 1939இல் கொண்டுவந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டமே இந்தியாவின் முதல் பொது விற்பனை வரிச் சட்டம். கீழமாசி வீதியின் மளிகை, தானிய மொத்த வியாபாரிகளுக்கும் நகைக்கடை, ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் அதுமுதல் கணக்குப் புத்தகம் அரசு அதிகாரியின் பார்வைக்குரியதாயிற்று. கடையில் கணக்குப்பிள்ளை, வெளியே விற்பனை வரி ஆலோசகர், வருமான வரிக்கு ஆடிட்டர் என மூவர் பிரித்துக்கொண்ட வேலைமுறை பல பத்தாண்டுகள் நீடித்தது.

விரிந்த சந்தை

தொழிலின் பெரும் திருப்பம் 1984ஆம் ஆண்டு நிதிச் சட்டம். வருமான வரிச் சட்டத்தில் அது சேர்த்த 44ஏபி பிரிவின்படி ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டிய ஒவ்வொரு வணிகமும் பட்டயக் கணக்காளரின் தணிக்கை அறிக்கையைப் பெற வேண்டியதாயிற்று. கம்பெனி அல்லாத கூட்டு வணிகங்களும் தனியார் கடைகளும் ஒரே நேரத்தில் தணிக்கைக்குள் வந்தன. அரிசி ஆலை, பருப்பு மண்டி, வற்றல் கமிஷன் கடை, தீப்பெட்டித் தொழிற்சாலை ஆகியவை நிறைந்த இச்சமவெளியில் சிறு தணிக்கை அலுவலகங்களின் நிலையான வருமானம் இதிலிருந்தே வந்தது. நாட்டுடைமையான வங்கிகளின் கிளைத் தணிக்கை ஏப்ரல் மாத வேலையாயிற்று. 2007 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின்கீழும் பின்னர் தணிக்கைச் சான்று தேவைப்பட்டது.

கணினி இதே காலத்தில் நுழைந்தது. 1986இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் டேலி மென்பொருள் 1990களில் பரவி, பேரேட்டைக் கையால் எழுதிக் கூட்டும் வேலையை முடித்துவைத்தது. பி.காம். படித்து டேலி பழகிய இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், பழைய கணக்குப்பிள்ளையின் நாற்காலிக்கு வந்தார்கள். 2006இல் கம்பெனிப் பதிவுகள் இணையத்துக்கு மாறியதால் படிவம் தாக்கல் செய்யச் சென்னை செல்லும் அலைச்சலும் குறைந்தது.

சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பின்

2017 ஜூலை 1இல் வந்த ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கை மாதக் கணக்காக்கியது. வழக்கமான முறையில் மாதந்தோறும் தாக்கல் செய்யும் வணிகர் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்து, 20ஆம் தேதிக்குள் வரியைச் செலுத்த வேண்டும். இடையே 14ஆம் தேதி வாக்கில், விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல் ஜி.எஸ்.டி. இணையத் தளத்தில் வரும். கடைக்காரரின் கொள்முதல் பில்களை அதனுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே அலுவலகத்தின் பெரும்பாடு. தாராபுரத்து ஆலையோ சூரத் ஜவுளி வியாபாரியோ தம் விவரத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் மதுரைக் கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. 2022 தொடக்கம் முதல் இது கட்டாய விதி. எனவே ஆடிட்டர் அலுவலக உதவியாளர் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, அவர் தமக்குச் சரக்கு விற்றவரைக் கூப்பிட்டு, விடுபட்ட பில்லைத் துரத்தும் வேலை மாதந்தோறும் நடக்கிறது. மணிக்கணக்கில் நேரத்தை விழுங்கும் இவ்வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கட்சிக்காரருக்கு அது கூடுதல் சுமையாகவே படுகிறது.

வேலை பெருகிய அதே ஆண்டுகளில் சான்றளிக்கும் அதிகாரம் சுருங்கியது. ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கைப் பட்டயக் கணக்காளர் சான்றளிக்கும் முறை 2021இல் நீங்கி, வணிகரே சான்றளித்தால் போதும் என்றானது. வரித் தணிக்கைக்கான வரம்பு 60 லட்சமாகவும் பின்பு 1 கோடியாகவும் உயர்ந்தது. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தலா 5 சதவீதத்தைத் தாண்டாத வணிகத்துக்கு அது முதலில் 5 கோடி ஆயிற்று, 2021இல் 10 கோடி. கைப்பேசிப் பணப்பரிமாற்றத்துக்கு மாறிய கடைகள் இதனால் தணிக்கை வளையத்தை விட்டு வெளியேறின. விவசாயிக்கு ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் மண்டிகள் வளையத்துக்குள்ளேயே உள்ளன. பொதுத்துறை வங்கிகள் 2017க்கும் 2020க்கும் இடையே இணைக்கப்பட்டு 27இலிருந்து 12 ஆனதும் கிளைத் தணிக்கை வாய்ப்பைப் பாதித்தது.

தற்போதைய சவால்கள்

முதலாவது, கட்டணப் போட்டி. வரி விவரத் தாக்கலைப் பட்டயக் கணக்காளர் அல்லாத வரி ஆலோசகர்களும் ஜி.எஸ்.டி. தொழில்முறையாளர்களும் இணையத் தளங்களும் செய்யலாம். அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். பட்டயக் கணக்காளருக்கோ வேலை கேட்டு விளம்பரம் செய்வதைத் தொழில் ஒழுக்க விதி தடுக்கிறது. கழகம் வெளியிடும் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல் பரிந்துரை மட்டுமே.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. இடைநிலைத் தேர்வில் தேறிய மாணவர் பெரிய நிறுவன அனுபவம் நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டம் பயிற்சிக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மாணவருக்கு இது நன்மை. ஆனால் மாணவரின் உழைப்பை நம்பியிருந்த சிறு அலுவலகம் ஓர் ஆண்டுப் பயனை இழந்தது. வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளை இந்தியாவிலிருந்து எழுதித் தரும் வேலையும் தேர்ந்த உதவியாளர்களை ஈர்க்கிறது.

மூன்றாவது, பொறுப்பின் சுமை. 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. போலிக் கையெழுத்தைத் தடுக்க, 2019 முதல் ஒவ்வொரு சான்றுக்கும் அறிக்கைக்கும் 18 இலக்கத் தனி அடையாள எண் கட்டாயமாயிற்று. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் காக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் விதி. தணிக்கைத் தரத்துக்கு இவை நல்லவை என்பதில் ஐயமில்லை. எனினும் ஆவணப்படுத்தும் செலவு இரு பங்குதாரர் அலுவலகத்துக்கும் பெரு நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே.

நான்காவது, உள்ளூர்த் தன்மையின் தேய்வு. பீபீகுளம் வருமான வரி அலுவலகத்தில் நேரில் போய்க் கணக்கை விளக்குவது முன்பு ஆடிட்டரின் முக்கியப் பணி. 2020 ஆகஸ்டில் தொடங்கிய முகமறியா மதிப்பீட்டு முறையில் எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்பதே தெரியாது. எல்லாம் எழுத்தில் நடக்கிறது. ஜி.எஸ்.டி. நோட்டீஸ் தளத்தில் மட்டும் ஏற்றப்பட்டு, வணிகர் கவனிக்காமலே ஒருதலைப்பட்ச உத்தரவு வந்துவிடுவதும் உண்டு. அத்தகைய உத்தரவுகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் 2004 ஜூலை 24 முதல் இயங்கும் அதன் மதுரைக் கிளையிலும் ரிட் மனுக்கள் வருகின்றன.

மாறும் திசை

பதிவெழுதும் வேலை மென்பொருளுக்குப் போக, விளக்கும் வேலையும் வாதாடும் வேலையும் ஆடிட்டரிடம் தங்குகின்றன. ஜி.எஸ்.டி. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தமிழக அமர்வுகளுக்கான இடங்களில் மதுரையும் அறிவிக்கப்பட்டிருப்பது இவ்வட்டாரத்தினருக்குப் புதிய களம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்கள் முதல் படிவங்கள் வரை அலுவலகங்கள் மறுபடி கற்க வேண்டியுள்ளது. சிறு அலுவலகங்கள் கூட்டமைப்பாகச் சேரவும் இணையவும் கழகம் ஊக்குவிக்கிறது. நிதித் திட்டமிடல், வங்கிக் கடன் அறிக்கை, உள் தணிக்கை போன்ற சட்டக் கட்டாயமற்ற சேவைகளில் கால்பதித்தவர்களின் வருமானம் வரம்புத் திருத்தங்களால் அதிகம் ஆடுவதில்லை. நோட்டீஸ் வந்தால் யாரைக் கேட்பது என்று அறியாத சிறு வணிகர்கள் மிகுந்த இச்சமவெளியில், தமிழில் பேசி விளக்கும் அருகிலுள்ள ஆடிட்டரின் தேவை குறையவில்லை. அந்த ஆலோசனைக்கு உரிய கட்டணத்தைப் பெறுவதே அவர் முன்னுள்ள சிக்கல்.