துணிப்பையிலிருந்து குறுஞ்செய்திக்கு: செங்கல்பட்டுத் தடுப்பூசிப் பதிவேடுகள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு தடுப்பூசிக்காக வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதும் வேலை பெரிய அளவில் நடந்தது 1968இல். காசநோயை பி.சி.ஜி. எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று அறிய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து தொடங்கிய ஆய்வு அது. அன்றைய மாவட்டம் பெரிது. ஆய்வுக்கு உட்பட்ட ஊர்கள் பலவும் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. சுமார் 3,60,000 பேர் வாழ்ந்த பகுதியில் ஆள்வாரியாகக் கணக்கெடுத்தார்கள். ஒரு மாதக் குழந்தைக்கும் ஊசி உண்டு. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்ரே, படத்தில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பவும் போனார்கள்.

முடிவு ஏமாற்றம் தந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்றது 1979இல் வந்த முதல் அறிக்கை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவும் 1999இல் அதையே சொன்னது. குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காப்பதால், பிறந்ததும் பி.சி.ஜி. போடும் வழக்கம் மட்டும் நிலைத்தது. ஊசி தோற்ற இடத்தில் பதிவேடு தோற்கவில்லை. இத்தனை லட்சம் பேரை ஆண்டுக்கணக்கில் பெயர் சொல்லித் தேடிப் போக முடியும் என்பதற்கு அந்த ஆய்வே சாட்சி.

1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தில் இந்தத் தேடும் வேலை கிராம சுகாதார செவிலியரிடம் வந்தது. தாயிடம் ஓர் அட்டை. அதன் மறுபாதி செவிலியரிடம். அந்த மறுபாதிகளைப் போட்டு வைக்க, மாதத்துக்கு ஓர் அறை வைத்துத் தைத்த துணிப்பை ஒன்று உண்டு. ஒரு குழந்தைக்கு அடுத்த ஊசி ஆகஸ்டில் என்றால், சீட்டு ஆகஸ்ட் அறைக்குப் போகும். மாதம் முடிந்தும் அதிலேயே கிடக்கும் சீட்டு, வராத குழந்தையுடையது. அதைப் பார்த்து ‘டியூ லிஸ்ட்’ எழுதி, ஊசி போடும் புதன்கிழமைக்கு முன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவார் செவிலியர்.

அந்தப் பை கணினிக்குள் போனது 2008இல் தமிழக அரசு கொண்டுவந்த ‘பிக்மி’ பதிவில். கர்ப்பம் பதிவானதும் ஓர் எண் கிடைக்கும். குழந்தையின் ஊசிக் கணக்கும் அந்த எண்ணோடு சேரும். மத்திய அரசின் தாய் சேய் கண்காணிப்பு முறை 2009 டிசம்பரில் வந்தது. தாய்மாருக்கும் களப்பணியாளருக்கும் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் அங்கமாக இருந்தது.

நினைவூட்டலுக்குப் பலன் உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, தபால், தொலைபேசி, குறுஞ்செய்தி என எல்லா வகை நினைவூட்டலையும் சேர்த்து, ஊசி போட்டுக்கொள்வோர் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளி கூடுவதாகக் கணித்தது. ஆனால் மேற்குக் கென்யாவின் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்றில், குறுஞ்செய்தி மட்டும் பெற்ற ஊர்களில் தெளிவான முன்னேற்றம் இல்லை; செய்தியோடு ஓரளவு பணமும் கொடுத்த இடத்தில்தான் மாற்றம் தெரிந்தது. அங்கே ஏற்கெனவே பத்தில் எட்டுக் குழந்தைகள் ஊசி போட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டின் நிலையும் ஏறத்தாழ அதுதான். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 89.2 சதவீதக் குழந்தைகள் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளும் பெற்றவர்கள். விட்டுப்போனவர்களிடம் செய்தி போய்ச் சேர்வதே கடினம். பதிவில் இருப்பது கணவரின் எண் என்றால், கோவளத்திலோ கல்பாக்கம் பக்கத்துக் குப்பத்திலோ அந்த போன் அவரோடு கடலுக்குப் போய்விடும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளின் முகவரி மாறிவிடும். செங்கல் சூளைக்கு வந்த ஒடியா குடும்பத்துக்குத் தமிழ்ச் செய்தி புரியாது. இந்த வீடுகளுக்கு இன்றும் செவிலியர் நேரில்தான் போக வேண்டும். காலியாகக் கிடக்கும் செவிலியர் பணியிடத்தைக் குறுஞ்செய்தியால் ஈடுகட்ட முடியாது.