தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோய்: பரவலின் வரலாறு

உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் ஈரலையே தாக்குவதால் வரும் நோய்கள் இவை. ‘ஆட்டோஇம்யூன்’ என்பது மருத்துவமனைப் பேச்சு. ஈரல் செல்களைத் தாக்குவது ஒரு வகை. சிறு பித்த நாளங்களைத் தாக்கும் பி.பி.சி. (பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ்) இன்னொன்று. இரண்டிலும் பெண்களே அதிகம்.

1950இல் சுவீடனின் வால்டன்ஸ்ட்ரோம், இளம்பெண்களிடம் நீடித்த ஈரல் அழற்சியை விவரித்தார். நெடுங்காலம் இதை ஐரோப்பியரின் நோயாகவே பார்த்தார்கள். கணக்கெடுப்புகள் அந்த எண்ணத்தைக் கலைத்தன. முதல் வகை டென்மார்க்கில் லட்சத்துக்கு ஏறத்தாழ 24 பேருக்கு இருந்தது. அலாஸ்கா பழங்குடியினரிடம் 43 பேருக்கு. ஜப்பானிலும் 2016இல் டென்மார்க் அளவே. சிங்கப்பூரில் மட்டும் 4. இந்த வேறுபாடு முழுவதும் இரத்தத்தில் இருப்பதல்ல. டென்மார்க்கில் 1977 முதல் நாடு தழுவிய நோயாளர் பதிவேடு உண்டு. இந்தியக் கணக்குகளோ பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. தேடிய இடத்தில்தான் நோய் தென்படும்.

வடசென்னையில் இது எளிதில் விளங்கும். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கண் மஞ்சளித்தால், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். இந்நோயில் காமாலை தானாகவே தணிந்து மீண்டும் வருவதுண்டு. தணிந்த பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடும். ஆண் நோயாளி என்றால் சந்தேகம் முதலில் குடியின் மேல் விழும், பிறகு ஹெபடைட்டிஸ் பி மேல். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இங்கே அழைக்கப்படும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, 2009இல் ஈரல் மாற்று அறுவையையே செய்துவிட்டது. ஆனால் அங்கு வந்து சேரும் முன்பே பலருக்கு ஈரல் சுருங்கிவிடுகிறது.

எண்ணூர், மணலி மக்கள் ஆலைக் கழிவுதான் காரணமா என்று கேட்பது வீண் கேள்வியல்ல. 1980இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பி.பி.சி. நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரே நீர்த்தேக்கத்து நீரைக் குடித்தவர்கள். 2006இல் நியூயார்க்கில் நச்சுக்கழிவுக் கிடங்குகளின் அருகே இந்நோய் குவிந்திருந்தது தெரிந்தது. ஆனால் ஷெஃபீல்டு நீரில் குற்றவாளிப் பொருள் எதுவும் சிக்கவில்லை; அருகிருப்பது மட்டுமே காரணமாகிவிடாது.

முதல் வகைக்கு மருந்து பழையது, விலை குறைந்தது: பிரெட்னிசோலோன், அசதியோப்ரின். ஸ்டீராய்டு உயிர் காப்பதை 1971இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஆய்வு காட்டியது. மதுவைத் தொடாத பெண்ணுக்குக் காமாலை திரும்பத் திரும்ப வந்தால், ஏ.என்.ஏ., ஐ.ஜி.ஜி. என்னும் இரத்தச் சோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.