அளவுகோல் யார் கையில்?

புனே பொறியியல் கல்லூரிப் படகுத்துறையில், முலா ஆற்றில் மிதக்கும் கயாக்குகளைக் காணும்போதெல்லாம் கட்டுமரம் நினைவில் எழுகிறது. ஆர்க்டிக் இன்யூட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோல் போர்த்து, செலுத்துபவரின் உடலளவுக்கேற்பக் கயாக்கைச் சமைத்தனர். 1865இல் ஜான் மெக்கிரெகர் அவ்வடிவைத் தழுவி, மரப்பலகையால் ‘ராப் ராய்’ படகைக் கட்டுவித்தார். இருபதாம் நூற்றாண்டில் கண்ணாடியிழை வந்தது. பல உடல்களுக்கும் ஒரே அச்சு என்றாயிற்று.

நம் கரையிலும் இதுவே நிகழ்ந்தது. கட்டுமரத்தின் கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பதும், கரைசேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்துவதும் மீனவரின் கைவேலை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருகிய கண்ணாடியிழைப் படகுகள் வேகம் தந்தன, உடலுழைப்பைக் குறைத்தன. அவற்றைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் வடிவத்தை மாற்றும் உரிமை கடலோடியிடமிருந்து பட்டறைக்குப் பெயர்ந்தது. படகு வரலாறு எழுதுவோர் நீள அகலங்களோடு, அளவுகோல் யார் கையில் இருந்தது என்பதையும் குறித்தல் வேண்டும்.