பெரட்டுக்கு வந்த நிபந்தனை

இலங்கையில் தமிழ்மொழி மூலம் உளவியல் படிக்கத் தொடங்குகிறவர் முதல் சில வாரங்களுக்குள் சந்தித்தே ஆகவேண்டிய சொல் 'நிபந்தனைப்படுத்தல்'. கூடவே ஒரு நாய் வரும், ஒரு மணி வரும், கொஞ்சம் இறைச்சித் தூள் வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதே பாடத்துக்கு 'ஆக்கநிலையுறுத்தம்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பரீட்சைக்குப் பாடமாக்க இரண்டுமே சிரமம்தான். ஆனால் இலங்கைச் சொல்லின் மேல் கூடுதலாக ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. நிபந்தனை என்பது ஒப்பந்தத்தில் எழுதுவது, கடன் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பது; நாய்க்கு வாயூறுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்த பொருளைப் போட்டுவிட்டார்கள் என்பது முறைப்பாடு.

நான் இந்தச் சொல்லின் பக்கம் நிற்கிறேன். அதற்கான காரணங்களில் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது, மற்றது மலையகத்துத் திம்புள்ளயில்.

முதலில் சொல்லின் வழி. 'பந்த்' என்ற வடமொழி வேருக்குக் கட்டுதல் என்று பொருள். பந்தம், பந்தனம், சம்பந்தம், நிபந்தனை எல்லாம் அந்த ஒரு வேரின் பிள்ளைகள். 'என்ன சம்பந்தம்' என்று கேட்டவரின் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் இது நிபந்தம் என்றும் நிவந்தம் என்றும் வரும். கோயிலில் இன்ன பணிக்கு இன்ன நெல் என்று நிலைநிறுத்திய ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். அதைப் பெற்றவர் நிவந்தக்காரர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டொன்றில் 100 கலம் நெல் என்று கல்லில் வெட்டி வைத்தான். பணி செய்தால் நெல். பணியையும் பலனையும் ஒன்றோடொன்று கட்டி வைப்பதுதான் நிபந்தம். ஒப்பந்தப் பத்திரத்தின் பொடி எழுத்தாக அது சுருங்கியது மிகப் பிந்திய கதை.

இனி ரஷ்யா. இவான் பாவ்லோவ் உளவியலாளர் அல்லர், உடற்றொழிலியலாளர். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சமிபாட்டு ஆய்வுக்காக. சோறு வாய்க்கு வருமுன்பே நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது அவருடைய அளவைகளுக்கு முதலில் ஒரு தொந்தரவாகத்தான் இருந்தது. பிறகு அந்தத் தொந்தரவையே ஆராய்ச்சியாக்கினார். பாடநூல் படத்தில் இருப்பது மணி; அவருடைய ஆய்வுகூடத்தில் அதிகம் புழங்கியது தாளக்கட்டைக் காட்டும் மெட்ரோனோம். இப்படிப் பிறக்கும் தெறிவினைக்கு அவர் வைத்த பெயர் 'உஸ்லோவ்னி'. ஒரு நிபந்தனையின் பேரில் நிகழ்வது என்று அதற்குப் பொருள். மெட்ரோனோமுக்குப் பின் உணவு வரும் என்ற நிபந்தனை நிற்கும்வரை தெறிவினையும் நிற்கும், நிபந்தனை அறுந்தால் அதுவும் தேய்ந்துபோகும். ஆங்கிலத்தில் இதைக் 'கண்டிஷனல்' என்று சொல்லியிருக்க வேண்டும். பாவ்லோவின் நூலுக்கு 1927இல் அன்ரெப் செய்த மொழிபெயர்ப்பின் தலைப்பிலேயே அது 'கண்டிஷண்ட்' ஆகிவிட்டது. நிபந்தனைக்கு உட்பட்டது என்பது போய், பதப்படுத்தி முடிக்கப்பட்டது என்ற சாயல் ஏறியது. 'ஆக்கநிலை' அந்த ஆங்கிலச் சாயலின் தமிழ். 'நிபந்தனை' ஆங்கிலத்தைத் தாண்டி ரஷ்ய மூலத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. அறிந்து வைத்தார்களோ, அகராதி செய்த அதிர்ஷ்டமோ, சொல் இடத்தில் விழுந்திருக்கிறது.

திம்புள்ளப் பள்ளத்தாக்கில் இந்தச் சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே பொருள் வந்துவிட்டது. திம்புள்ள என்ற பெயர் சிங்களத்தில் அத்தி மரத்தைக் குறிக்கும் 'திம்புல்' என்பதன் வழி வந்தது. இன்று அங்கே அத்தியைத் தேடித்தான் காண வேண்டும். கொட்டகலையிலிருந்து தலவாக்கலை வரை கண்ணுக்கெட்டியதெல்லாம் தேயிலை. முதலில் கோப்பி. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை. 1885இல் ரயில் நானுஓயா வரை ஏறியது. இரண்டு பயிருக்கும் ஆட்களைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தவர் கங்காணி. அவர்கள் நாள்தோறும் கூடி நின்ற இடம் பெரட்டுக்களம்.

பெரட்டு என்பது ஆங்கிலப் 'பரேட்'டின் தேய்வு என்றே கொள்ள வேண்டும். ஒலியும் ஒத்துவருகிறது, பொருளும் ஒத்துவருகிறது. பட்டாளச் சொல். துரைமார் தங்களுக்குள் 'மஸ்டர்' என்றார்கள், அதுவும் பட்டாளச் சொல்தான். எழுத்தில் சிலர் 'பிரட்டு' என்பர், பேச்சில் பெரட்டு. விடியுமுன் இருட்டில் தப்பு என்ற பறை ஒலிக்கும். அதை அடிப்பது சாதி பார்த்து ஒருவர் தலையில் வைக்கப்பட்ட வேலை. லயம் என்ற வரிசை வீட்டின் காம்பராக்களில் அடுப்பு எரியத் தொடங்கும். பிறகு களத்தில் வரிசை, கணக்கப்பிள்ளை, கங்காணி, எந்த மலைக்கு யார் என்ற பங்கீடு. பிந்தி வந்தவருக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பும் வழக்கமும் இருந்தது. பின்னாளில் தப்புக்குப் பதில் கொம்பும் சங்கும் வந்தன. சி.வி. வேலுப்பிள்ளை இந்த மண்ணின் ஆள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினரானவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையின் விடியலிலும் தப்புதான் ஒலிக்கிறது.

பாவ்லோவின் மெட்ரோனோமுக்குப் பதில் தப்பை வைத்துவிட்டால் பாடம் முடிந்தது என்று தோன்றும். முடியாது. இங்கேதான் மாணவர்கள் ஆண்டுதோறும் புள்ளி இழக்கிறார்கள். தப்பொலி கேட்டதும் நெஞ்சு திடுக்கிடுவது, உறக்கம் கலைவது, வயிற்றில் ஒரு பதற்றம் பிசைவது எல்லாம் பாவ்லோவ் சொன்ன வகை. அவை நம்மைக் கேட்டு நடப்பதில்லை, உடம்பு தானாகத் தெறிக்கிறது. கொங்காணிப் போர்வையை இழுத்துக் கட்டிக்கொண்டு களத்துக்கு நடப்பது அந்த வகை அல்ல. அது செய்கிற செயல், செய்யாமலும் விடலாம். செய்தால் என்ன வரும், செய்யாவிட்டால் என்ன போகும் என்பது அதை நடத்துகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் தம் முதல் நூலில் பிரித்துக் காட்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். அங்கே தப்பு செயலைப் பிடுங்கி எடுப்பதில்லை. இப்போது போனால் பலன் உண்டு என்று அறிவிக்கிறது, அவ்வளவே.

தப்பில் சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி. கருவி ஒன்று, தோல் ஒன்று, அடிக்கிற கையும் ஒன்று. ஆனால் லயத்துப் பிள்ளைக்கும் எது எதற்கென்று தெரியும். பாடநூலில் 'தூண்டிகளை வேறுபடுத்தியறிதல்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் ஓடும் விஷயம் இது. அந்தப் பக்கங்களில் இருப்பது வட்டமும் நீள்வட்டமும் பார்த்துக் குழம்பிய நாய்.

பெரட்டுக்குப் போனால் வரும் பலனின் பெயர் 'பேர்'. தோட்டத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் தடுமாறும் சொல் இதுதான். 'இந்த மாசம் எத்தனை பேர்?' என்று ஒரு கொழுந்துக்காரம்மா இன்னொருவரைக் கேட்டால் ஆட்களை எண்ணச் சொல்கிறார் என்று நினைக்கக் கூடாது. எத்தனை நாட்கூலி விழுந்தது என்று கேட்கிறார். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே விழும் குறி, நாளடைவில் பேர் என்றே ஆகி, பிறகு அந்த நாளின் கூலிக்கும் பேர் ஆயிற்று. நிர்ணயித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அளவுக்கு மேலே எடுத்த கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் பலன் தரும் அட்டவணைகளை வகுத்துத் தடித்த நூலாக எழுதினார்கள். இத்தனை செயலுக்கு ஒரு பலன் என்பது ஒரு வகை, இத்தனை நேரத்துக்கு ஒன்று என்பது இன்னொரு வகை. பேரும் மேலதிகக் கிலோவும் இரண்டையும் ஒரே நாளில், ஒரே முதுகில் ஏற்றுகின்றன. மனிதரின் பெயர் பாதியாக வெட்டப்படக்கூடிய நாணயமானதைப் பற்றி எந்த உளவியல் நூலும் பேசவில்லை. அது வேறு துறையின் கேள்வி என்று தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

பலனுக்கு இன்னொரு தோட்டச் சொல்லும் உண்டு: 'சந்தோசம்'. கையில் கொடுக்கும் இனாமுக்கு அந்தப் பெயர். துரைமாரின் ஆங்கிலத்துக்குள்ளும் அது போய்ச் சேர்ந்தது. பெற்றவருக்கு உண்டாகும் உணர்வின் பெயரைப் பொருளுக்கே வைத்துவிட்டார்கள். ஸ்கின்னருக்கு முன்னோடியான தோர்ண்டைக்குக்கு இது பிடித்திருக்கும். திருப்தி தரும் விளைவு செயலை ஊன்றச் செய்யும் என்றவர் அவர். ஸ்கின்னர் திருப்தியை வெளியே தள்ளினார். உள்ளே என்ன உணர்கிறது என்பது வேண்டாம், செயல் கூடியதா என்று மட்டும் எண்ணு என்றார். இலங்கைப் பாடநூலின் 'மீளவலியுறுத்தல்' ஸ்கின்னரின் பக்கம், சந்தோசம் தோர்ண்டைக்கின் பக்கம்.

பலன் தொழிலாளியோடு நின்றதுமில்லை. பெரட்டில் நின்ற தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு போயிற்று. அதனால் காய்ச்சல்காரரையும் கங்காணி ஏன் எழுப்பினார் என்பதற்குக் குணக்கேடு மட்டும் விடை அல்ல. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய 'துண்டு' கையில் இருக்கும்வரை, புதுத் தோட்டம் அதைத் தீர்க்காமல் ஆள் மாறவும் முடியாது. துண்டுமுறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

நிபந்தனை என்ற சொல்லே சம்பளப் பத்திரத்தில் எண்ணாக நின்ற காலமும் உண்டு. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்கூலி 450 ரூபாய். அதன்மேல் வருகைக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30, ஆக 620. அந்த 140ஐப் பெற, வழங்கப்பட்ட வேலைநாட்களில் நூற்றுக்கு 75 நாட்கள் பெரட்டில் நின்றிருக்க வேண்டும். 2016இல் வருகைக்கு 60 ஆகக் குறைத்து, எடுக்கும் கொழுந்தின் அளவோடு கட்டி 140 வைத்தார்கள். 2019இல் இரண்டையும் எடுத்துவிட்டு அடிப்படையை 700 ஆக்கினார்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக நாட்கூலி 1000 ஆனது. அதன்பின் சண்டை, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதன் மேல் போய் விழுந்தது. பலனை எதோடு கட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் இழுபறி.

திம்புள்ளயில் இந்தக் கட்டு எளிதில் நழுவும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போது தேயிலையின் மணம் உச்சத்துக்குப் போகும், ஏலத்தில் விலை ஏறும். செடியிலோ கொழுந்து குறையும். அளவு அப்படியே நின்றால் எத்தனை சுறுசுறுப்பான கைக்கும் அரைப்பேர்தான். முயற்சிக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பு அறுந்தால் உயிர் என்ன செய்யும் என்று 1967இல் செலிக்மனும் மேயரும் நாய்களை வைத்து ஆராய்ந்தார்கள். தப்ப வழி திறந்த பிறகும் அவற்றில் பல அசையாமல் கிடந்தன. தமிழில் அதைக் 'கற்ற கையறுநிலை' என்கிறோம்.

மனிதர் எப்போதும் அப்படிக் கிடப்பதில்லை. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். நிபந்தனைக்கு உட்பட்டிருந்தவர்கள் நிபந்தனையையே பேசவந்த நாள் அது. பாவ்லோவின் நாய்க்கு அந்த வசதி இல்லை. 'ஆக்கநிலையுறுத்தம்' என்ற சொல்லில் ஆக்குபவர் ஒருவர், ஆக்கப்படுவது ஒன்று, மறுபேச்சுக்கு இடமில்லை. 'நிபந்தனை' என்றால் யார் விதித்தது, மாற்ற முடியுமா என்ற கேள்வி கூடவே வருகிறது. மனிதரைப் பற்றிய அறிவியலுக்கு அந்தக் கேள்வியை வைத்திருக்கும் சொல்லே நல்ல சொல்.

திம்புள்ளயிலிருந்து கூப்பிடு தூரத்தில் பத்தனையில் ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மலையகப் பாடசாலைகளுக்குப் போகும் ஆசிரியர்கள் அங்கே கல்வி உளவியல் படிக்கிறார்கள். அவர்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நாயை எடுக்க வேண்டாம், அது இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த பக்கத்தில் தப்பையும் பேரையும் அரைப்பேரையும் எழுதுங்கள், எது பாவ்லோவின் வகை, எது ஸ்கின்னரின் வகை என்று பிரிக்கச் சொல்லி ஒரு கேள்வியும் வையுங்கள்.