தாள் ஸ்ட்ரா, அரிசி ஸ்ட்ரா, ஓலை ஸ்ட்ரா: குப்பைத் தொட்டிக்குப் பிறகு என்ன ஆகிறது?

பபள் டீயைப் பாதி குடிப்பதற்குள் ஸ்ட்ரா நமத்துப் போய்விடும். வாயில் அட்டைப்பெட்டி ருசி. தாள் ஸ்ட்ராவைப் பற்றி இப்படிக் குறைப்படாதவர்கள் ரொம்பக் குறைவு. ஆனாலும் அதன் சந்தை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தாளோடு நிற்கவும் இல்லை. அரிசி, கரும்புச் சக்கை, மூங்கில், புல், தென்னை ஓலை, எவர்சில்வர் என்று வகை வகையாக வந்துவிட்டன. அநேகமாக எல்லா உறையிலும் ஒரு பச்சை இலைப் படம், கூடவே "மக்கும்" என்ற சொல்.

அந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? நீங்கள் எந்த ஊரில் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பதில் கொஞ்சம் வேறு மாதிரி.

பழைய சரக்குதான்

தாள் ஸ்ட்ரா புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு முன்னால் இருந்ததே அதுதான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ரை என்ற தானியப் பயிரின் காய்ந்த தண்டில் பானம் குடித்தார்கள். ஆங்கிலத்தில் வைக்கோலுக்கும் உறிஞ்சுகுழாய்க்கும் ஒரே பெயர் இருப்பது அதனால்தான். தண்டு பானத்தில் ஊறிப் பிய்ந்தது, புல் வாசமும் அடித்தது. வாஷிங்டனில் சிகரெட்டுக்கான தாள் பிடிகளைத் தயாரித்துவந்த மார்வின் ஸ்டோன் என்பவர் தாளைக் குழாயாகச் சுருட்டி மெழுகு பூசினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1960களில் மலிவான பிளாஸ்டிக் பரவியது, தாள் ஒதுங்கியது.

அது திரும்பி வந்ததில் ஓர் ஆமைக்குப் பெரிய பங்கு உண்டு. 2015இல் கோஸ்டா ரிக்கா கடலில் ஆய்வாளர்கள் ஒரு கடலாமையின் மூக்கிலிருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவை இடுக்கியால் இழுத்து எடுத்த காணொளி உலகம் முழுவதும் பரவியது. ரத்தம் வழியும் அந்த மூக்கைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

2018இல் நிறுவனங்கள் வரிசையாக அறிவிக்கத் தொடங்கின. அந்த ஜூலையில் சியாட்டல் நகரம் உணவகங்களில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தடை செய்தது. ஸ்டார்பக்ஸ் 2020க்குள் அதைக் கைவிடுவதாகச் சொன்னது. சிங்கப்பூரில் அதற்கு முந்தைய மாதமே கேஎஃப்சி தன் 84 கிளைகளிலும் பிளாஸ்டிக் மூடியையும் ஸ்ட்ராவையும் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. 2019 ஜூலைக்குள் 270க்கும் மேற்பட்ட உணவு, பானக் கடைகள் உலக இயற்கை நிதியத்தின் முயற்சியில் சேர்ந்து பிளாஸ்டிக் ஸ்ட்ராவைக் கைவிட முன்வந்தன.

ஆனால் சந்தையை உண்மையில் உருவாக்கியது நல்ல மனசு இல்லை, சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2021 ஜூலை 3ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இந்தியா 2022 ஜூலை 1ஆம் தேதி தடை விதித்தது. சிறிய பழச்சாறு பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் குட்டி ஸ்ட்ராவும் அதில் அடங்கும் என்பதால் பால், பழச்சாறு நிறுவனங்கள் அவகாசம் கேட்டுப் பார்த்தன, கிடைக்கவில்லை. மலேசியா 2018இல் வெளியிட்ட திட்டம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. அங்கே மைலோ பாக்கெட்டிலேயே தாள் ஸ்ட்ரா வந்துவிட்டது. சிங்கப்பூரில் ஸ்ட்ராவுக்கென்று தேசியத் தடை இல்லை. பெரிய பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் 2023 ஜூலையில் வந்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு பரபரப்பு தேவைதானா?

நியாயமான கேள்வி. அமெரிக்கர்கள் தினமும் 50 கோடி ஸ்ட்ரா பயன்படுத்துகிறார்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதப்பட்டது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2011இல் 9 வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்ட்ரா தயாரிப்பாளர்களுக்குத் தொலைபேசியில் பேசிப் போட்ட கணக்கு. பையன் கெட்டிக்காரன், சந்தேகமே இல்லை. ஆனால் நாளிதழ்கள் அதைச் சரிபார்க்காமலே வருடக்கணக்கில் எடுத்தாண்டதுதான் ஆச்சரியம்.

எடைக் கணக்கில் பார்த்தால், ஆண்டுதோறும் கடலில் சேரும் சுமார் 80 லட்சம் டன் பிளாஸ்டிக்கில் ஸ்ட்ராவின் பங்கு 0.025 விழுக்காடு என்று மதிப்பிடப்படுகிறது. ரொம்பச் சின்னப் பங்கு. ஆனால் ஸ்ட்ரா லேசானது. காற்றில் பறந்து, கால்வாயில் விழுந்து, மற்றக் குப்பையைவிடச் சுலபமாகத் தண்ணீருக்குள் போய்விடும்.

எது மக்கும், எங்கே மக்கும்?

இங்கேதான் உறையை உன்னிப்பாகப் படிக்க வேண்டும்.

பார்க்கவும் தொடவும் பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், ஆனால் "சோளத்திலிருந்து செய்தது" என்று எழுதியிருக்கும் ஸ்ட்ரா பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பொருளால் ஆனது. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். அது மக்கும் என்பது பொய் இல்லை. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு தொடர்ந்து கிடைக்கும் உரத் தொழிற்சாலையில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தோட்டத்தில் புதைத்தால் அப்படியே கிடக்கும். கடலிலும் அதே கதைதான். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலைய விஞ்ஞானிகள் பல வகை ஸ்ட்ராக்களைக் கடல்நீர்த் தொட்டியில் 16 வாரம் போட்டுப் பார்த்தார்கள். தாள் ஸ்ட்ராவும், நுண்ணுயிர்கள் தங்கள் உடலுக்குள் உற்பத்தி செய்யும் பி.எச்.ஏ. என்ற பொருளால் ஆன ஸ்ட்ராவும் பாதி வரை கரைந்தன. பி.எல்.ஏ. ஸ்ட்ராவில் அளவிடும்படியான மாற்றமே இல்லை, சாதாரண பிளாஸ்டிக்கைப் போலவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை பி.எல்.ஏ.வையும் பிளாஸ்டிக் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அப்படீன்னா தாள்தான் சரியா? கடலைப் பொறுத்தவரை ஆமாம். ஆனால் தாள் நனையாமல் இருக்க அதில் ஏதாவது பூச வேண்டும். 2023இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் 39 பிராண்டு ஸ்ட்ராக்களைச் சோதித்தார்கள். 20 தாள் பிராண்டுகளில் 18இல் பிஃபாஸ் என்ற ரசாயன வகை இருந்தது. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமல் தடுக்கும் இந்த ரசாயனங்கள் இயற்கையில் லேசில் அழியாதவை. அளவு மிகக் குறைவு, எப்போதாவது குடிப்பவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். சோதித்த 5 எவர்சில்வர் பிராண்டுகளில் மட்டும் அது எதுவும் இல்லை.

எவர்சில்வருக்கும் கணக்கு உண்டு. எஃகை உருக்கிக் குழாயாக்க நிறைய எரிசக்தி தேவை. அமெரிக்காவின் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போட்ட ஒரு கணக்குப்படி, கரியமில வாயு விஷயத்தில் ஓர் எவர்சில்வர் ஸ்ட்ரா பிளாஸ்டிக்கை முந்த அதைச் சுமார் 150 முறை பயன்படுத்த வேண்டும். நிகழ்ச்சிகளில் இலவசமாகக் கிடைத்து மேசை அறையில் தூங்கும் ஸ்ட்ராவை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

எனக்குப் பிடித்த யோசனை தென்னை ஓலைதான். பெங்களூரின் கிறைஸ்ட் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் சஜி வர்கீஸ், கீழே விழுந்து காய்ந்த ஓலையைச் சுருட்டி ஸ்ட்ரா செய்யும் முறையை உருவாக்கினார். ஓலையின் மேல்தோலில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் தனியாகப் பூச்சு தேவையில்லை. வியட்நாமில் ஒரு வகைக் கோரைப் புல்லை வெட்டி, கழுவி, காயவைத்து விற்கிறார்கள். சொல்லப்போனால் ரை தண்டுக் காலத்துக்கே திரும்பிவிட்டோம்! இவற்றின் சிக்கல் விலை. பிளாஸ்டிக் ஸ்ட்ராவைவிடத் தாளே பல மடங்கு விலை, கைவேலை சேர்ந்த ஓலையைக் கேட்கவே வேண்டாம். ஒரு கோப்பி விற்று மிஞ்சும் லாபத்தில் சில காசுகூடக் கோப்பிக் கடைக்காரருக்குப் பெரிசு.

சிங்கப்பூரில் கதை வேறு

இப்போது நம் ஊர்க் குப்பைத் தொட்டிக்கு வருவோம். உணவங்காடி நிலையத்திலோ, பேரங்காடியிலோ, வீவக புளோக்கிலோ, சாதாரணத் தொட்டியில் நீங்கள் போடும் ஸ்ட்ரா உரமாவதற்குப் போவதில்லை. எரிக்கப் போகிறது. எரிக்கக்கூடிய குப்பையை ஆலையில் எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் தயாரித்து, மிஞ்சும் சாம்பலைப் படகில் செமக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். பி.எல்.ஏ., தாள், ஓலை எதுவானாலும் அதே அடுப்புதான். "180 நாளில் மக்கும்" என்ற வாசகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போடலாமா? கூடாது. பானம் பட்ட தாளை அது ஏற்காது, மற்றதையும் கெடுக்கும். பிரிட்டனில் மெக்டோனல்ட்ஸ் 2018இல் தாள் ஸ்ட்ராவுக்கு மாறியது. அது தடிமனாக இருப்பதால் மறுசுழற்சி செய்ய முடியவில்லை என்று அடுத்த ஆண்டே ஒப்புக்கொண்டது. அதற்கு முன் அங்கே பயன்படுத்திய பிளாஸ்டிக் ஸ்ட்ராவை மறுசுழற்சி செய்ய முடிந்தது என்பதுதான் வேடிக்கை.

எரித்தாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் எரிவது பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெயின் கரிமம். தாளிலும் ஓலையிலும் எரிவது அண்மையில் ஒரு செடி காற்றிலிருந்து எடுத்த கரிமம். ஆனால் தாள் தயாரிக்க மரம், தண்ணீர், எரிசக்தி எல்லாம் வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வு ஒன்று 2018இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பிளாஸ்டிக்குக்குப் பதில் வேறு பொருளில் செய்த, ஒருமுறை தூக்கிப் போடும் பொருளுக்கு மாறுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. செமக்காவ் 1999இல் திறக்கப்பட்டது. 2035வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணிப்பு.

ஆகவே இங்கே எந்த ஸ்ட்ராவை எடுக்கிறோம் என்பதைவிட, எடுக்கிறோமா என்பதுதான் பெரிய கேள்வி. தொட்டிக்குப் போகாமல் கடற்கரையில் விழும் ஸ்ட்ராவுக்கு மட்டும், அது தாளா பிளாஸ்டிக்கா என்பது உண்மையிலேயே முக்கியம். தே ஓ லிமாவைக் கண்ணாடிக் குவளையில் உட்கார்ந்து குடிக்க ஸ்ட்ரா எதுக்கு? அதையே பையில் ஊற்றி, கயிறு கட்டித் தாபாவ் செய்தால் ஸ்ட்ரா இல்லாமல் முடியாது. பபள் டீயின் உருண்டைகளுக்கும் அகலமான ஸ்ட்ரா வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கரண்டி.

ஸ்ட்ரா இல்லாமல் முடியாதவர்கள்

கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகள், பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள், குவளையைத் தூக்க முடியாத உடற்குறை உள்ளவர்கள் ஆகியோருக்கு ஸ்ட்ரா வசதிப் பொருள் இல்லை, தேவை. தாள் ஸ்ட்ரா சூடான பானத்தில் சீக்கிரம் தளர்ந்துவிடும், கடித்தால் பிய்ந்துவிடும். எவர்சில்வர் வளையாது, நடுங்கும் கைக்கு ஆபத்து. சிறுபிள்ளைகளின் வாயைக் கிழித்ததால் 2016இல் ஸ்டார்பக்ஸ் தன் எவர்சில்வர் ஸ்ட்ராக்களைத் திரும்பப் பெற்றதும் உண்டு. மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குச் சரியான மாற்று இவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. வளையும் ஸ்ட்ராவை ஜோசப் ஃபிரீட்மன் உருவாக்கிக் காப்புரிமை பெற்றது 1937இல். 1947இல் அது முதலில் விற்பனையானதே ஒரு மருத்துவமனைக்குத்தான்.

இங்கிலாந்து 2020 அக்டோபரில் தடையைக் கொண்டுவந்தபோது இதற்கு இடம் விட்டது. மருந்துக் கடைகள் பிளாஸ்டிக் ஸ்ட்ரா விற்கலாம். உணவகங்கள் அதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, கல்லாவுக்கு அடியில் ஒரு பாக்கெட் இருந்தால் போதும்.