துவாலுவின் மூலதனம்

பசிபிக் மாக்கடலில் ஒன்பது பவளத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் துவாலுவின் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 11,000. 1861-ல் மணிஹிக்கித் தீவுச் சபையின் உதவிக்காரரான எலேக்கானா, படகு திசைதப்பி எட்டு வாரங்கள் மிதந்து, நுக்குலேலேயில் கரையேறினார். அங்கே சபையின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது. பின்னர் அதைப் பேணி வளர்த்தது, நம் தென்திருவிதாங்கூரில் ஊழியம் செய்த அதே லண்டன் மிஷன். எனவே இத்தீவினரின் பொருளாதார வரலாற்றை அயலார் கதையாக நாம் வாசிக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் எல்லிஸ் தீவுகள் எனப்பட்ட இவை, கில்பர்ட் தீவுகளோடு ஒரே பிரிட்டிஷ் குடியேற்ற நாடாயிருந்தன. 1974-ல் நடந்த வாக்கெடுப்பில் எல்லிஸ் மக்கள் பெரும்பான்மையாகப் பிரிவினையை நாடினர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பனாபாத் தீவின் பாஸ்பேட் வருவாயில் அவர்களுக்குப் பங்கில்லை. கிடைத்தது ஒரு கப்பல் மட்டுமே. கில்பர்ட் பகுதிக்கோ, அவ்வருவாயிலிருந்து 1956-லேயே தொடங்கப்பட்ட சேமநிதி இருந்தது. 1978 அக்டோபர் 1-ஆம் நாள் சுதந்திரம் பெற்ற துவாலு, கொப்பரையையும் அஞ்சல்தலைகளையும் வெளியூரில் உழைத்த மாலுமிகள் அனுப்பிய பணத்தையும் நம்பி நின்றது. வரவுசெலவில் விழுந்த துண்டை ஆண்டுதோறும் பிரிட்டன் நிரப்பியது. தன் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க ஆண்டுதோறும் பிறரிடம் கேட்டு நிற்கும் நாட்டை எவ்வகையில் சுதந்திர நாடென்பது?

இந்நிலையை மாற்றியது 1987-ல் உடன்படிக்கையால் நிறுவப்பட்ட துவாலு அறக்கட்டளை நிதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகளோடு துவாலுவும் தன் பங்கைச் செலுத்த, ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரண்டது. முதலைத் தொடலாகாது, விலைவாசி உயர்வுக்கு ஈடாக அதன் மதிப்பைக் காத்தபின் மிஞ்சுவதே அரசுக்கு உரியது. சந்தை சரியும் ஆண்டில் ஒன்றும் கிடையாது. ஆதலால் நல்ல ஆண்டின் மிச்சத்தை வேறொரு கணக்கில் வைத்துக் காத்தனர். (நம் சபைகளின் நிலையான நிதிகளை நிர்வகிப்போர் இதை ஊன்றிக் கவனிக்கலாம்.) கொடுத்த நாடுகளின் பிரதிநிதிகள் நிர்வாகக் குழுவில் இன்னும் அமர்ந்திருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் வருவாயைப் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ செலவிடுவதென்ற தீர்மானம் ஃபுனாஃபுட்டியில் எடுக்கப்படுகிறது. அதுவே பெரிய மாற்றம் என்பது நம் கருத்து. பிற்காலத்தில் மீன்பிடி உரிமக் கட்டணமும் இணையப் பெயரான 'டாட் டிவி'யின் குத்தகைப் பணமும் சேர்ந்துகொண்டன. 2000-ல் துவாலு ஐக்கிய நாடுகள் சபையிலும் இடம் பெற்றது.

இவற்றைப் பொருளாதார வளர்ச்சி என்று சொல்லலாமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. இரண்டாம் உலகப் போரில், விமானத்தளம் அமைக்க அமெரிக்கப் படையினர் ஃபுனாஃபுட்டியின் நிலத்தையே தோண்டியெடுத்தனர். அப்பள்ளங்கள் உப்புநீரும் குப்பையுமாய் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன. ஏழைக் குடும்பங்கள் அவற்றின் ஓரத்தில் வாழ்ந்தன. 2015-ல் நியூசிலாந்தின் செலவில் காயலிலிருந்து மணல் எடுத்து அவை நிரப்பப்பட்டன. தோண்டியவர் ஒருவர், நிரப்பியவர் வேறொருவர்; கணக்கேட்டில் அது 'உதவி' என்றே ஏறும்.

இப்போது கடல்மட்டம் உயர்ந்து, அந்த நிலத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு கையெழுத்தாகி 2024-ல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி உடன்படிக்கை, ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை அங்கே குடியேற வழி திறக்கிறது. ஃபலேபிலி என்பது அவர்கள் மொழியில் நல்ல அயலாராய் வாழும் முறை. அதே உடன்படிக்கையின்படி, பாதுகாப்புத் துறையில் வேறு எந்த நாட்டோடு உறவு கொள்வதற்கும் துவாலு ஆஸ்திரேலியாவின் இசைவைப் பெறவேண்டும். 1987-ன் நிதியில் இத்தகைய நிபந்தனை இருக்கவில்லை.