எந்தக் கணினியிலும் தமிழ்: எ-கலப்பை காட்டிய வழி



பீடோங்கில் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கான தமிழ்மொழிச் சோதனைத்தாளை வீட்டுக் கணினியில் இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்து, நெகிழ்வட்டில் பதிந்து எடுத்துச் சென்றேன். பள்ளிக் கணினியில் திறந்தால் திரை முழுவதும் பொருளற்ற ரோமன் குறிகள்! அன்று சோதனைத்தாளைக் கையால் எழுதித்தான் படியெடுத்தேன்.

அக்காலத்தில் ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை அமர்த்தியிருந்தனர். அதே எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. 1999இல் தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணைய அன்பர்களோ திஸ்கியைப் பயன்படுத்தினர். ஒருங்குறியின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தும், அதில் தட்டச்சு செய்யும் கருவி எளியோர் கைக்கு வந்து சேர ஆண்டுகள் பல ஆயின.

நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். பின்னாளில் அவருடைய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுறையும் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது மலேசியத் தமிழர்க்குப் பெருமை.

அடுத்து வந்தது, முகுந்தும் ‘தமிழா’ குழுவினரும் இலவசமாக வழங்கிய எ-கலப்பை. என்னைப் போன்ற ஆசிரியர் பலர் அதனால்தான் ஒருங்குறியில் எழுதத் தொடங்கினோம். எனினும் ஒரு குறை இருந்தது. எ-கலப்பையின் முதற் பதிப்புகள் கீமேன் என்னும் பொறியின்மேல் இயங்கின. அப்பொறி விண்டோசில் மட்டுமே ஓடியது. லினக்சு வைத்திருந்தவருக்கு அந்தக் கலப்பை உழவில்லை.

இங்கேதான் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு என்பது விளங்கும். 1983இல் ரிச்சர்டு சுடால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது வற்புறுத்தியது விலையை அன்று, உரிமையை. மூலநிரல் திறந்திருந்தால், ஒருவர் செய்த கருவியை மற்றொருவர் வேறோர் இயங்குதளத்திற்குக் கொண்டு செல்லலாம். லினக்சில் எம்17என் என்னும் கட்டற்ற நூலகத்தின்வழி தமிழ்99 கிடைத்தது அவ்வாறே.

கீமேனும் அவ்வழிக்கே வந்தது. மார்க் டர்டின் 1993இல் லாவோ மொழிக்காகத் தொடங்கிய அப்பொறியை 2015இல் எசு.ஐ.எல். நிறுவனம் ஏற்றது. 2018இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு கட்டற்ற மென்பொருளாயிற்று. இன்று விண்டோசு, மாக், லினக்சு, ஆண்டிராய்டு, ஐபோன் அனைத்திலும் அது இயங்குகிறது.

ஆசிரிய நண்பர்களே, பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளும் பள்ளி மலர்களும் உங்கள் கணினிகளில் இன்னும் உறங்கக்கூடும். அந்த எழுத்துருக்கள் மறையும் முன்னே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அங்கிருந்த பள்ளிகளின் நினைவாக எஞ்சியிருப்பவை சில வேளை அந்தக் கோப்புகள் மட்டுமே.